சென்னையில் ஹோட்டல் திறப்பதும் மூடுவதும்: கேள்வி பதில்

ஹோட்டல்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பதும் வாடகை ஒப்பந்தம் படிப்பதும்தான் என் தொழில். அதில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா நகரில் டிபன் கடை போடுகிறோம். ஓனர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். சட்டப்படி மூன்று மாதம்தானே சார்?

பதில்: தமிழக அரசின் 2017 வாடகைச் சட்டத்தில் மூன்று மாதம் என்று இருப்பது உண்மை. ஆனால் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரைதான் அது, பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால் பத்து மாதம்தான். என் கவலை அட்வான்ஸில் இல்லை. எத்தனை வருடம் ஓனர் உங்களைக் கிளப்ப முடியாது, வாடகை வருடத்துக்கு எவ்வளவு ஏறும், காலி செய்யும்போது நீங்கள் போட்ட புகைபோக்கியும் டைல்ஸும் யாருக்கு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா? பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பிச் சமையலறை கட்டாதீர்கள். அப்புறம் கடை வாடகைக்கு 18% ஜிஎஸ்டி இருக்கிறது. 2017 நவம்பரிலிருந்து சாதாரண ஹோட்டல் பில்லுக்கு 5%தான், அதற்குப் பதிலாக வாடகைக்கும் பொருள்களுக்கும் நாம் கட்டிய வரியை, அதாவது உள்ளீட்டு வரியை, கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே ஒரு லட்சம் வாடகை என்றால் கையிலிருந்து போவது 1,18,000 ரூபாய்.

கேள்வி: நல்ல பிரியாணி எங்கே கிடைக்கும்?

பதில்: அதற்கு வேறு ஆள் இருக்கிறார்கள்.

கேள்வி: உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ருசி போனதால்தானே மூடினார்கள்?

பதில்: இல்லவே இல்லை. 1962இல் கதீட்ரல் சாலையில் திறந்தது, நிலம் அவர்களுடையது அல்ல. வழக்கு நடந்து, 2008இல் காலி செய்தார்கள், 2010இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. கடைசி வரை காரில் உட்கார்ந்து சாப்பிட ஆள் வந்துகொண்டிருந்த இடம் அது.

கேள்வி: சாக்கு சொல்கிறீர்கள். சாப்பாடு நன்றாக இருந்தால் வேறு இடத்தில் நடத்தியிருக்கலாமே?

பதில்: அத்தனை காரை நிறுத்த நகர நடுவில் எங்கே இடம்? அந்த மரநிழலும் சேர்ந்ததுதான் டிரைவ்-இன். இடம் மாறி நிலைத்ததற்கும் அதே குடும்பத்தில் சாட்சி இருக்கிறது. உட்லண்ட்ஸ் ஹோட்டல்களை நிறுவிய கிருஷ்ண ராவ் 1938இல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்துத்தான் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். பிறகு ராதாகிருஷ்ணன் சாலையில் வந்த நியூ உட்லண்ட்ஸ் இன்றும் இருக்கிறது. மூடிய கடையைப் பார்த்ததும் சமையல்காரர் மேல் பழி போடுவது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம்.

கேள்வி: வேளச்சேரியில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ஒப்பந்தத்தையும் முழுக்கப் படியுங்கள்.

கேள்வி: மெட்ரோ வேலைக்காகக் கடை வாசலில் தடுப்பு போட்டுவிட்டார்கள். வாடகையைக் குறைக்கச் சொல்லலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள், வாய்ப்பேச்சில் விடாமல் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர், மயிலாப்பூரிலும் தி. நகரிலும் பூமிக்கடியில் போகிறது. புதிதாக இடம் பார்ப்பவர்கள் தடத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: டெலிவரிக்கு மட்டும் கிச்சன் போட்டால் வாடகை மிச்சம்தானே?

பதில்: மிச்சம்தான், ஆனால் ஆப்காரர்களின் கமிஷன் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். 2022 ஜனவரியிலிருந்து அந்த ஆர்டர்களுக்கு ஜிஎஸ்டியை ஆப்காரர்களே கட்டுகிறார்கள், அந்த வேலை மட்டும் உங்களுக்கு இல்லை. கமிஷன் போக ஒரு தோசைக்கு என்ன நிற்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் இடம் பார்க்கலாம்.