பீர் குடித்தால் ஏன் அடிக்கடி சிறுநீர் வருகிறது?

பீரில் பெரும்பகுதி தண்ணீர்தான். 650 மில்லி பாட்டில் ஒன்றைக் காலி செய்தால், உள்ளே போனது வெளியே வந்தாக வேண்டும். ஆனால் அது பாதிக் கதைதான். பீரில் உள்ள ஆல்கஹால் ஒரு சிறுநீர்ப்பெருக்கி, அதாவது சிறுநீரின் அளவைக் கூட்டும் பொருள்.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே அனுப்புகின்றன. (இப்படி ஒரு சிக்கனத்தை எந்த வீட்டிலும் பார்க்க முடியாது!) நீரைத் தேக்கி வைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்வது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும் வாசோபிரசின் என்ற ஹார்மோன். ஆல்கஹால் அதன் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. ஏரி மதகைக் காப்பவர் தூங்கிவிட்டால், தேங்க வேண்டிய தண்ணீரும் வாய்க்காலில் ஓடிவிடும் அல்லவா, அப்படித்தான். மறுநாள் காலையில் நாக்கு வறண்டு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறுநீர் இப்படித் தாராளமாகப் போவதைப் பார்த்துத்தான் ‘பீர் சிறுநீரகக் கல்லைக் கரைக்கும்’ என்கிறார்கள். பீர் எந்தக் கல்லையும் கரைப்பதில்லை, மாறாக யூரிக் அமிலத்தைக் கூட்டி சில வகைக் கற்கள் உருவாக வழிசெய்யலாம்.