கலிபோர்னியாவில் அரசுத் தரப்பு தொழிலாளர் சட்ட வழக்கறிஞர் பதவி: எதைப் பார்த்து ஆள் எடுக்கிறார்கள்?

கேள்வி: கலிபோர்னியாவில் ஒரு தனியார் சட்ட நிறுவனத்தில் எட்டு வருடமாக முதலாளிகள் தரப்பில் தொழிலாளர் வழக்குகள் நடத்தி வருகிறேன். ஒரு நகராட்சியின் சட்ட அலுவலகத்தில் தொழிலாளர் சட்டத்துக்கான சீனியர் டெபுட்டி பதவிக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. விண்ணப்பிக்கலாமா? தேர்வில் எதைப் பார்ப்பார்கள்?

பதில்:

தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆனால் உங்கள் ரெஸ்யூமேயில் முதலில் நிற்கும் விஷயங்கள் தேர்வுக் குழுவுக்கு இரண்டாம்பட்சமாக இருக்கக்கூடும். நான் வழக்கறிஞர் இல்லை. இதே மாநிலத்தில் ஒரு கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மனிதவளத் துறையில் ஆள்தேர்வு பார்க்கிறேன். சட்ட அலுவலகத்துக்கு ஆள் எடுக்கும்போது அறிவிப்பு எழுதுவது முதல் இன்டர்வியூ குழுவோடு உட்காருவது வரை என் பொறுப்பு. தேர்வாகி வருபவரோடு பிறகு தினமும் வேலை செய்வதும் எங்கள் துறைதான். அதனால் இந்த நாற்காலியில் சரியான ஆள் உட்கார வேண்டும் என்பதில் எனக்கு உண்மையான அக்கறை உண்டு.

எங்களுக்கு வேண்டியது, முடிவு எடுப்பதற்கு முன்னால் "இதைச் செய்யாதீர்கள்" என்று ஒரு துறைத் தலைவரிடம் சொல்லி, அவரை ஏற்றுக்கொள்ளவும் வைக்கக்கூடிய ஆள். வழக்கு ஜெயிப்பது நல்ல திறமைதான். ஆனால் வழக்கு வந்துவிட்டது என்றாலே பல சமயம் மூன்று மாதம் முன்பு யாரோ யாரையோ கேட்காமல் ஒரு கடிதம் அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.

தனியார் துறையிலிருந்து வருகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. யூனியன் விஷயங்களில் நீங்கள் பழகிய தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் மாநில அரசுகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பொருந்தாது. யூனியன்களோடு பேச்சுவார்த்தை நடத்தும் விஷயத்தில் இங்கே நகராட்சிகளையும் கவுன்டிகளையும் கட்டுப்படுத்துவது 1968இல் வந்த மேயர்ஸ்-மிலியாஸ்-பிரவுன் சட்டம். அதன் கீழ் வரும் புகார்களை 2001 ஜூலை முதல் விசாரிப்பது 'பெர்ப்' என்று எல்லோரும் அழைக்கும், அரசு ஊழியர் உறவுகளுக்கான மாநில வாரியம். பாகுபாடு, துன்புறுத்தல், விடுப்பு, உடல்நலக் குறைபாட்டுக்கான வசதி இவற்றில் உங்கள் அனுபவம் பெரும்பாலும் அப்படியே உதவும்.

அப்புறம் அரசியலமைப்புச் சட்டம். தனியார் நிறுவனத்தில், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத வரை, காரணம் சொல்லாமலே ஒருவரை வீட்டுக்கு அனுப்பலாம். அரசு வேலையில் நிரந்தரமானவருக்கு அந்த வேலை ஒரு சொத்துரிமை மாதிரி. கிளீவ்லாந்து பள்ளி வாரியத்தில் காவலாளியாக இருந்த லவுடர்மில் என்பவர், பழைய குற்றத் தண்டனையை விண்ணப்பத்தில் மறைத்தார் என்று நீக்கப்பட்டார். நீக்கும் முன் அவர் பக்கத்தை யாரும் கேட்கவில்லை. 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. கலிபோர்னியா அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே அந்த இடத்துக்கு வந்துவிட்டது. மதிய இடைவேளையை நீட்டித்துக்கொண்டே போனார் என்று நீக்கப்பட்ட ஸ்கெல்லி என்ற அரசு மருத்துவரின் வழக்கு அது. அதிலிருந்துதான் நோட்டீஸ், ஆவணங்களின் நகல், பதில் சொல்ல வாய்ப்பு என்ற மூன்றும் கட்டாயமாயின. அந்தச் சந்திப்பை இன்றும் எல்லா உள்ளாட்சிகளிலும் 'ஸ்கெல்லி' என்றே சொல்கிறோம். இன்டர்வியூவில் இந்தப் பெயரைக் கேட்டதும் விழித்தீர்கள் என்றால் அங்கேயே கதை முடிந்துவிடும். வாரக்கடைசியில் உட்கார்ந்து இந்த இரண்டு தீர்ப்புகளையும் முழுசாகப் படித்துவிடுங்கள்.

போலீஸ் அதிகாரிகள் விஷயம் இன்னும் நுணுக்கமானது. 1967இல் வந்த கேரிட்டி தீர்ப்பின்படி, வேலை போய்விடும் என்று மிரட்டி வாங்கிய வாக்குமூலத்தை அவர் மேல் கிரிமினல் வழக்கில் பயன்படுத்த முடியாது. மாநிலத்தில் போலீஸ்காரர்களுக்கென்று தனி நடைமுறை உரிமைச் சட்டமே உண்டு. சில விதிவிலக்குகளைத் தவிர, முறைகேடு தெரிய வந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் விசாரணையை முடித்து, எடுக்கப்போகும் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தேதியைக் கவனிக்காமல் விட்டால், குற்றச்சாட்டு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் தண்டனை நிற்காது. தீயணைப்பு வீரர்களுக்கும் இதுபோல ஒரு சட்டம் 2008 முதல் இருக்கிறது.

சரி, ஆலோசனைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பீர்கள். இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். இரண்டும் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தவை.

ஒன்று, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இருக்கும் சான் கேப்ரியல் நகரம். மருத்துவக் காப்பீட்டுக்காக ஊழியர்களுக்கு ஒரு தொகை ஒதுக்குவார்கள். மனைவி அல்லது கணவர் வழியாகக் காப்பீடு இருப்பவர்கள் அதைப் பணமாக எடுத்துக்கொள்ளலாம். சம்பளப் பட்டியலில் அந்தப் பணம் 'சலுகை' என்று பதிவானது. அதனால் ஓவர்டைம் கணக்கிடும் அடிப்படை விகிதத்தில் சேரவே இல்லை. போலீஸ் அதிகாரிகள் வழக்குப் போட்டார்கள். 2016 ஜூனில் 'ஒன்பதாவது சர்க்யூட்' என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், அதுவும் சேர வேண்டும் என்றது. தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. இந்த வகைப்படுத்தல் சட்டப்படி சரியா என்று நகராட்சி சரிபார்க்கவே இல்லை, ஆகவே இது தெரிந்தே செய்த மீறலுக்குச் சமம் என்று நீதிமன்றம் சொன்னது. அதனால் இரண்டு வருடப் பாக்கி மூன்று வருடப் பாக்கியானது. கூடவே அதே அளவு இழப்பீடும் சேர்ந்தது. 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது. அதன் பிறகு இந்த மாநிலத்தின் பல நகராட்சிகள் தங்கள் ஓவர்டைம் கணக்கைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. சம்பளப் பட்டியல் போடுகிற ஊழியர் தயங்காமல் போன் செய்து கேட்கும்படி ஒரு வழக்கறிஞர் இருந்தால், இப்படிப்பட்ட விஷயம் ஒரு பக்கக் குறிப்போடு முடிந்துவிடும்.

இரண்டாவது, சான் டியாகோ. அங்கே ஜெர்ரி சாண்டர்ஸ் மேயராக இருந்தபோது, புதிதாகச் சேரும் ஊழியர்களில் போலீஸ் தவிர மற்றவர்களுக்கு ஓய்வூதியத்துக்குப் பதிலாக சேமிப்புக் கணக்கு முறை கொண்டுவர வாக்காளர் முன்மொழிவு (மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்வது) ஒன்று கிளம்பியது. அதை முன்னெடுத்தவர் மேயர். பேச்சுவார்த்தைக்கு வாருங்கள் என்று யூனியன்கள் திரும்பத் திரும்பக் கேட்டன. இது பொதுமக்களின் முன்மொழிவு, மேயர் தனிமனிதராக ஆதரிக்கிறார், எனவே பேச வேண்டிய கடமை இல்லை என்று நகராட்சி நின்றது. 2012 ஜூனில் வாக்காளர்கள் அதை நிறைவேற்றினார்கள். அப்புறம் பெர்ப் வாரியம், சட்டத்தை மீறியது நகராட்சிதான் என்றது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2018 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் அதையும் மாற்றி, மேயர் தன் பதவியின் பலத்தோடுதான் அதைக் கொண்டுவந்தார், பேசியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. 2021இல் அந்த முன்மொழிவே செல்லாது என்று ஆகிவிட்டது. நடுவில் வேலைக்குச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களின் ஓய்வூதியக் கணக்கை நகராட்சி பின்னோக்கிச் சரிசெய்ய வேண்டி வந்தது.

நகராட்சியின் நிலைப்பாட்டில் வாதமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டதே. ஆனால் இந்தப் பதவியில் இருப்பவர் "ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறதா?" என்பதோடு நிறுத்தினால் போதாது. தோற்றால் என்ன ஆகும், அதைத் தவிர்க்க இன்று என்ன செலவாகும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யூனியன்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு ஆகும் சில மாதங்கள் ஒரு தட்டில், பத்து வருடச் சிக்கல் இன்னொரு தட்டில். என்னைக் கேட்டால், மேயர் எவ்வளவு அவசரப்பட்டாலும் பேசுங்கள் என்று சொல்கிறவரைத்தான் நான் எடுப்பேன்.

இனி இன்டர்வியூ. எங்கள் இடத்தில் குழுவில் சட்ட அலுவலகத்தின் மூத்தவர் ஒருவர், யூனியன் பேச்சுவார்த்தைகளை நடத்தும் அதிகாரி ஒருவர், அதிகமாக ஆலோசனை கேட்கும் துறையிலிருந்து ஒருவர் இருப்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் சூழல் சொல்லிக் கேட்பவைதான். உதாரணத்துக்கு இப்படி ஒன்று: வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. தீயணைப்புத் துறைத் தலைவர் போன் செய்கிறார். ஒரு வீரர் முகநூலில் துறையைப் பற்றி மோசமாக எழுதியிருக்கிறார், திங்கள்கிழமை அவர் வேலையில் இருக்கக்கூடாது, கடிதம் வேண்டும் என்கிறார். என்ன செய்வீர்கள்?

இதற்கு நேராகப் பேச்சுரிமைத் தீர்ப்புகளைப் பட்டியல் போட ஆரம்பிப்பவர்கள் உண்டு. பிக்கரிங், கார்செட்டி என்று எல்லாம் சரியாகவே சொல்வார்கள். ஒருமுறை யூனியன் தரப்பில் நெடுநாள் இருந்த ஒருவர் வந்தார். அவர் திருப்பிக் கேள்வி கேட்டார்: அந்த வீரர் யூனியன் நிர்வாகியா? எழுதியது வேலை நேரத்திலா? ஆள் பற்றாக்குறை, பாதுகாப்பு மாதிரி பொதுவிஷயத்தைப் பற்றியா, அல்லது சக ஊழியர் ஒருவரைப் பற்றியா? சமீபத்தில் அவர் புகார் ஏதாவது கொடுத்திருக்கிறாரா? திங்கள்கிழமையே வேண்டும் என்பதற்கு என்ன காரணம்? அப்புறம் சொன்னார்: "இன்றைக்கு எந்தக் கடிதமும் போகாது. தேவைப்பட்டால் சம்பளத்தோடு விடுப்பு கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். திங்கள் காலை நானே நேரில் வருகிறேன்." குழுவில் இருந்த துறை அதிகாரி அப்போதே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இதிலிருந்து இன்னொன்றும் புரிந்திருக்கும். எதிர்த்தரப்பில் இருந்தவர்களை அரசு எடுக்காது என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவம் வேறு. பேச்சுவார்த்தை மேசையின் மறுபக்கம் எப்படி யோசிக்கும் என்று தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். நீங்கள் முதலாளிகள் தரப்பில் மட்டுமே இருந்திருப்பதால், யூனியனோடு நிதானமாகப் பேசி ஒரு பிரச்சினையைத் தீர்த்த சம்பவம் ஒன்றையாவது தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நீங்கள் இன்று ஜெயிக்கும் அதே யூனியன் தலைவரோடு அடுத்த பத்து வருடமும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும்.

"உங்கள் கட்சிக்காரர் (கிளையன்ட்) யார்?" என்ற கேள்வியும் ஏதாவது ஒரு வடிவில் வரும். மேயரும் இல்லை, போலீஸ் தலைவரும் இல்லை. நகராட்சி என்ற அமைப்புதான் கட்சிக்காரர். துறைத் தலைவர் ஒருவர் மீதே துன்புறுத்தல் புகார் வரும்போது இந்த வேறுபாடு நடைமுறையில் என்ன செய்யும் என்று உதாரணத்தோடு சொல்ல முடிந்தால் நல்லது.

எழுத்துத் தேர்வு இருந்தால், சட்டம் படிக்காத ஒருவருக்கு ஒரு பக்கத்தில் ஆலோசனைக் குறிப்பு எழுதச் சொல்வோம். முடிவு முதல் பத்தியில் இருக்க வேண்டும். அடிக்குறிப்பு அடுக்கிய குறிப்புகளைத் துறைத் தலைவர்கள் படிப்பதில்லை. விண்ணப்பத்தோடு எழுத்து மாதிரி கேட்டிருந்தால், பழைய கட்சிக்காரரின் பெயரும் அடையாளங்களும் முழுசாக நீக்கப்பட்டிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். ரகசியம் காக்கத் தெரியாதவர் என்று தோன்றினால் அந்த விண்ணப்பம் மேலே போகாது. விண்ணப்பத்தோடு நிரப்பித் தரும் துணைக் கேள்வித்தாளில் "ரெஸ்யூமேயைப் பார்க்கவும்" என்று எழுதிவிடாதீர்கள். எங்களிடம் முதல் சுற்றில் மதிப்பெண் போடுவது அந்தத் தாளுக்குத்தான்.

சம்பளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பள வரம்பு அறிவிப்பிலேயே இருக்கும். முந்தைய சம்பளத்தை உங்களிடம் கேட்க எங்களுக்கு அனுமதி இல்லை, 2018 முதல் சட்டம் அப்படி. அந்த வரம்பின் எந்தப் படிநிலையில் ஆரம்பிப்பது, விடுமுறை எவ்வளவு என்று பேசிப் பார்க்கலாம். பெரிய நிறுவனத்தின் சம்பளத்தோடு இது போட்டி போடாது. ஆனால் கட்சிக்காரருக்குப் பில் போடுவதற்காக ஆறு நிமிடத்துக்கு ஒரு கணக்கு எழுதும் வாழ்க்கை முடிந்துவிடும். கால்பெர்ஸ் ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் நகராட்சி என்றால், முதல்முறையாக அரசு வேலைக்கு வரும் உங்களுக்கு 2013க்குப் பிந்தைய விதிகள் பொருந்தும்: 62 வயதில் ஓய்வு பெற்றால், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் சம்பளத்தில் 2 சதவீதம் ஓய்வூதியம். படிப்புக்கு மத்திய அரசுக் கடன் வாங்கியிருந்தால், பொதுச்சேவைக் கடன் தள்ளுபடிக்கு 120 தவணை கட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அறிவிப்பிலிருந்து வேலையில் சேரும் வரை பல மாதங்கள் ஆகலாம். கைரேகைச் சோதனை, பின்னணி விசாரணை எல்லாம் முடியாமல் இப்போதைய வேலைக்கு ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் அந்த நகராட்சியில் சட்ட அலுவலகத் தலைவர் தேர்தலில் வந்தவரா, கவுன்சில் நியமித்தவரா என்று பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, சான் டியாகோ போன்ற சில இடங்களில் தேர்தல்தான். வேறு பல ஊர்களில் நியமனம். தலைவர் மாறினால் உங்கள் வேலையின் தன்மை எவ்வளவு மாறும் என்பது இதைப் பொறுத்தது. நீதிமன்ற வழக்குகளை அலுவலகமே நடத்துகிறதா, வெளி நிறுவனத்துக்குக் கொடுக்கிறதா என்பதை இன்டர்வியூ முடிவில் நீங்களே கேளுங்கள். வழக்காடுவது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அது முக்கியமான கேள்வி.

கடைசியாக, தயாரிப்புக்கு வேண்டியதில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. யூனியன் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் நகராட்சியின் தளத்தில் இருக்கும். அவை எந்த மாதம் முடிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பெர்ப் தளத்தில் அந்த நகரின் பெயரைத் தேடிப் பாருங்கள், பழைய தீர்ப்புகள் வரும். கவுன்சில் கூட்ட நிகழ்ச்சி நிரலில் மூடிய அமர்வுக்கான (பொதுமக்கள் இல்லாமல் நடப்பது) பகுதியைக் கடந்த ஒரு வருடத்துக்குப் புரட்டுங்கள். எந்த யூனியனோடு பேச்சுவார்த்தை நடக்கிறது, நகராட்சி சார்பில் யார் பேசுகிறார்கள் என்பதை அங்கே போட வேண்டும் என்பது சட்டம். அதைப் படித்துவிட்டு வந்தவர் யார் என்பது இன்டர்வியூவில் முதல் பத்து நிமிடத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.