மின்னணு ஆய்வகக் கருவிகளைக் கையடக்கக் கணினியால் இயக்க முடியுமா? மடிக்கணினி இருக்கும்போது அது தேவையா?

முடியும், தேவையும் உண்டு. நீங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பணிபுரிகிறீர்கள், மேசையில் சுற்று அமைக்கும் பிரெட்போர்டுக்கே இடம் போதவில்லை என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பாலிடெக்னிக் ஒன்றில் பயிற்றுநராக இருந்தபோது, எங்களிடம் அஜிலன்ட் 34401ஏ மல்டிமீட்டரும் ஈ3631ஏ பவர் சப்ளையும் இருந்தன. இரண்டின் பின்புறத்திலும் கணினியோடு இணைக்க உதவும் ஆர்எஸ்-232, ஜிபிஐபி என்ற இருவகைத் தொடர்பு முறைகளுக்கும் இணைப்பான்கள் உண்டு. ஆனால் வாங்கிய நாளிலிருந்து அவற்றில் ஒரு கேபிள்கூடச் செருகப்பட்டதில்லை. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியின் பாதியைத் தூசி படிய விட்டுவிட்டு, மாணவர்கள் சென்ற ஆண்டு ரெக்கார்டைப் பார்த்து அளவுகளை எழுதுவதை நாம் கண்டும் காணாமல் இருப்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஜிபிஐபி அடாப்டரின் விலை கட்டுப்படியாகாததால் ஆர்எஸ்-232 வழியையே தேர்ந்தெடுத்தேன். ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ என்ற சிறு ஒற்றைப் பலகைக் கணினி, மூன்றரை அங்குலத் தொடுதிரை, ஒரு பவர் பேங்க், ஒரு யுஎஸ்பி ஹப், இரண்டு யுஎஸ்பி சீரியல் அடாப்டர்கள், பைத்தானில் எழுதிய நிரல் ஆகியவையே மொத்த அமைப்பு. மல்டிமீட்டரைப் பேசவைக்க இரண்டு வாரம் ஆயிற்று. அதன் தொடக்க அமைப்பு 9600 பாட் வேகம், 7 பிட் தரவு, ஈவன் பேரிட்டி (பிழை காணும் கூடுதல் பிட்). நானோ வழக்கம்போல 8 பிட் என்று வைத்திருந்தேன். அதைத் திருத்திய பிறகும் பதில் வரவில்லை. எதிர்முனை தயாராக இருப்பதை டிஎஸ்ஆர் கம்பியில் அறிந்த பிறகே மீட்டர் தரவை அனுப்பும் என்பதையும், மூன்று கம்பி மட்டும் கொண்ட என் கேபிளில் அந்தக் கம்பியே இல்லை என்பதையும் கையேட்டைப் படித்துத்தான் அறிந்தேன். மீட்டர் பக்கத்து இணைப்பானில் 4 (மீட்டரே தரும் தயார்க் குறிப்பு), 6 (டிஎஸ்ஆர்) ஆகிய பின்களைச் சேர்த்துப் பற்றவைத்ததும் முதல் பதில் வந்தது. வந்ததோ 550 என்ற பிழை எண். ஆர்எஸ்-232இல் முதலில் ரிமோட் நிலைக்கு மாறச் சொல்லும் கட்டளையை அனுப்பாவிட்டால் மீட்டர் அளவீட்டுக் கட்டளைகளை ஏற்காது.

கைபேசியிலேயே இதைச் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆய்வகத்தில் எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் கருவி ஒருவருடைய சொந்தக் கைபேசியாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

திரை அழகாக இருக்கிறதா என்பதைவிட, இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதையே நீங்கள் முதலில் யோசிக்க வேண்டும். 5.1 வோல்ட் ஜீனர் டயோடின் சிறப்பியல்பு வளைகோட்டை (மின்னழுத்தத்துக்கு ஏற்ப மின்னோட்டம் மாறுவதை) வரையும் சோதனையில், என் நிரல் மின்னழுத்தத்தைப் படிப்படியாக 20 வோல்ட் வரை ஏற்றிப் பிறகு சுழிக்குக் கொண்டுவரும். ஒவ்வொரு படியிலும் அரை நொடிதான் நிற்கும் என்பதால், டயோடோடு தொடராக இணைத்த 220 ஓம் மின்தடைக்குக் கால் வாட் போதும் என்று துணிந்துவிட்டேன். ஒரு நாள் சரியாக 20 வோல்ட்டில் பவர் பேங்க் தீர்ந்து திரை அணைந்தது. பவர் சப்ளையோ கடைசியாகக் கிடைத்த கட்டளையிலேயே நின்றது. ஏறத்தாழ 68 மில்லி ஆம்பியர் பாய்ந்ததில், ஒரு வாட் வெப்பத்தைத் தாங்க நேர்ந்த அந்த மின்தடை மாணவி ஒருவரின் கண் முன்னே புகைந்து கருகியது. அவருக்குக் காயம் இல்லை. ஆனாலும் பிழை முழுவதும் என்னுடையது.

அதன் பிறகு 2 வாட் மின்தடைக்கு மாறினேன். பவர் சப்ளைக்கும் சுற்றுக்கும் இடையே ஒரு ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) வைத்து, கையடக்கக் கணினி இடைவிடாமல் துடிப்புகளை அனுப்பும் வரை மட்டுமே அது மூடியிருக்குமாறு 555 என்ற டைமர் ஐசியால் ஒரு சிறு சுற்றையும் அமைத்தேன். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போதே பவர் பேங்க் கேபிளை மாணவர்கள் முன்னால் பிடுங்கிக் காட்டுவேன். ஒரு நொடிக்குள் ரிலே திறக்கும் ஒலி கேட்காவிட்டால், அன்று அந்த அமைப்பை யாரும் தொடக் கூடாது.