சட்டம் பயில்வோர் கேள்வி-பதில்

முதலாம் வருடம். எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? (கிளிநொச்சி)

புத்தகத்துக்கு முதல் சட்டத்தையே விரியுங்கள். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 366ஆம் பிரிவு, களவு. ஒரே வாக்கியம்தான், சொல் சொல்லாகப் பிரித்துக் கொப்பியில் எழுதுங்கள். அசையும் பொருள், நேர்மையற்ற எண்ணம், சம்மதமின்மை, நகர்த்தல். பொருள் யாருடையது என்று அது கேட்கவில்லை, யார் கைவசம் இருந்தது என்றே கேட்கிறது. திருத்தக் கொடுத்த சைக்கிளை, கூலிக்காகக் கடைக்காரர் மறித்து வைத்திருக்க, அவர் காணாமல் உருட்டிக்கொண்டு போனால், உங்கள் சைக்கிளே ஆனாலும் களவாகலாம்.

கொலைக்கு 302, ஏமாற்றுக்கு 420 என்று எழுதினேன். புள்ளி தரவில்லை. (புதுக்குடியிருப்பு)

எப்படித் தருவார்கள்? அவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இலக்கங்கள். இங்கே 296, 403. இந்தியாவிலேயே 2024 யூலையோடு அந்தச் சட்டம் போய்விட்டது. யூடியூப்பில் தமிழில் விளக்கம் கேட்பதைப் பிழை சொல்லவில்லை, எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் கிடைப்பது குறைவு. ஆனால் எந்த நாட்டுச் சட்டம் என்று பார்க்காமல் குறிப்பெடுப்பது பெரும் பிழை. போன மாதம் ஒரு மாணவனின் கொப்பியில் எங்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மேலே 'உச்ச நீதிமன்றம்' என்று இருந்தது. இங்கே அதி உயர்ந்தது உயர் நீதிமன்றம். தமிழ்நாட்டில் அதே பெயர் ஒரு படி கீழே நிற்கும் நீதிமன்றத்துக்கு. இதைக் குழப்பினால், எந்தத் தீர்ப்பு எந்த நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் என்ற அடிப்படையே கவிழ்ந்துவிடும். இந்தியத் தீர்ப்பு இங்கே வழிகாட்டலாம், கட்டுப்படுத்தாது. திரும்பவும் சொல்கிறேன்: சட்டத்தையே விரியுங்கள்.

பெர்மிட் காணியில் 10 வருடத்துக்கு மேல் இருக்கிறோம். ஆட்சியுரிமை வருமா? (மாங்குளம்)

வராது. பெர்மிட் காணி அரசின் காணி, அனுமதிப் பத்திரத்தில் தந்தது. நீண்டகால ஆட்சியால் உரிமை தரும் அந்தப் பத்து வருடக் காலம் அரசுக்கு எதிராக ஓடாது. தனியார் காணி என்றால், 2016ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். யுத்தத்தால் நீதிமன்றம் போக முடியாதிருந்த உரிமையாளர்களுக்காக, அந்த யுத்த காலத்தை ஆட்சிக் கணக்கில் சேர்க்காமல் விட வந்தது.

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தேசவழமை எங்களுக்கும் பொருந்துமா? (வவுனியா)

நல்ல கேள்வி. தேசவழமை என்பது சொத்து, வாரிசுரிமை பற்றிய வடபகுதித் தமிழரின் வழமை, 1707இல் தொகுத்து 1806இல் சட்டமாக்கியது. வட மாகாணத்தில் உங்களுக்கு நிரந்தர வதிவிடம் உண்டா என்பதே முதல் விடயம். வேலைக்கு வந்து போவது வேறு, வீடு கட்டி வேரூன்றுவது வேறு. அதைச் சாட்சியத்தால் காட்ட வேண்டும்.

ஒரு காணிப் பிரச்சினை. என்ன செய்யலாம்? (முல்லைத்தீவு)

காணி உறுதிப் பத்திரமா, பெர்மிட்டா? யார் பெயரில்? எதுவும் எழுதாமல் பதில் கேட்டால் எப்படி? பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.