எச்.ஐ.வி. உள்ள அண்ணனை ஏ.ஆர்.டி. மையத்துக்கு ஒழுங்காகப் போக வைப்பது எப்படி?

"சொன்ன தேதிக்கு அண்ணன் போவதே இல்லை, திட்டியும் பார்த்துவிட்டோம்" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் திட்டுவதை விடுங்கள். என் தாய்மாமாவுக்குத் துணையாக அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்துக்கு, அதாவது எச்.ஐ.வி.க்கு மாத்திரை தரும் இடத்துக்கு, நான் பல வருடங்களாகப் போய் வருகிறேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில், உயிர்மேல் அக்கறையில்லாமல் தேதியை விட்டவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கூலி போய்விடுமே என்ற கவலை, இல்லையென்றால் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயம். அண்ணனுக்கு எது என்று பொறுமையாகக் கேளுங்கள்.

மாமாவுக்குக் கட்டட வேலை. ஞாயிறுதான் லீவு, அன்றைக்கு மையமும் லீவு. மாத்திரை இலவசம்தான், 2004-லிருந்தே அரசு கொடுக்கிறது. ஆனால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் அவர் கையிலிருந்துதானே போகிறது? மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் இதைச் சொன்னோம். விடாமல் மாத்திரை போட்டு, வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு) கட்டுக்குள் இருந்தால், மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். அந்த இலக்கு ஒன்று கண்ணுக்குத் தெரிந்த பிறகு மாமா தேதியைத் தவறவிடவே இல்லை. அண்ணனுக்கும் அப்படிக் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

பயம்தான் காரணம் என்றால், மையத்தையே மாற்றிக்கொள்ளலாம். பக்கத்து ஊரில் மையம் இருந்தும், யாருக்கும் தெரியக்கூடாது என்று வெளி மாவட்டத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அதைக் குறை சொல்லாதீர்கள். மாற்றல் கேட்டால் சிகிச்சை விவரங்களோடு எழுதித் தருவார்கள். போனில் ஞாபகப்படுத்தும்போதும் கவனம் வேண்டும். நான் மாமாவுக்கு "நாளைக்கு ரேஷன் கடைக்குப் போகணும்" என்றுதான் செய்தி அனுப்புவேன். பக்கத்தில் யார் பார்த்தாலும் பிரச்சினை இல்லை. அண்ணனைக் கேட்காமல் உறவுக்காரர் யாரிடமும் வாய் திறக்காதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் ரகசியத்தைக் காக்க 2017-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

முடிந்தால் கூடப் போங்கள். அங்கே பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். மையத்தில் கொடுத்த சிகிச்சைப் புத்தகத்தையும் மிச்ச மாத்திரை உள்ள டப்பாவையும் எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணிப் பார்ப்பார்கள். இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை இருக்கிறதா என்று கேட்பார்கள். காசநோயை ஆரம்பத்திலேயே பிடிக்கத்தான் அது. தேதியை விட்டால் இதுவும் சேர்ந்து விட்டுப்போகும்.

இன்னொன்றையும் அண்ணனிடம் சொல்லுங்கள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. மாமா முகம் தெளிந்தது டாக்டர் இதைச் சொன்ன அன்றைக்குத்தான்.

ஏற்கெனவே சில வாரம் இடைவெளி விழுந்துவிட்டதா? அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நாளைக்கே கூட்டிப்போங்கள். எத்தனை நாள் போடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். விட்டு விட்டுப் போட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம், எத்தனை நாள் விட்டது என்பதை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். யாராவது கடிந்து பேசினால் நீங்கள் பக்கத்தில் இருந்து பேசுங்கள். நேரில் போகத் தயங்கினால் முதலில் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-க்கு அழைக்கச் சொல்லுங்கள், கட்டணம் கிடையாது.