பழைய ஃபோக்ஸ்வேகன் வேன்: எஞ்சின் சூட்டைப் பற்றிக் கேள்வி பதில்

பின்னால் எஞ்சின் வைத்த பழைய ஃபோக்ஸ்வேகன் வேன்களைப் பற்றி, குறிப்பாக 1968 முதல் 1979 வரை வந்த 'பே விண்டோ' மாடலைப் பற்றி, நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. முக்கால்வாசிப் பேருக்குச் சூடுதான் கவலை. இந்த வண்டியில் ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஒரு ஃபேன், எஞ்சினைச் சுற்றித் தகடுகள், உள்ளே ஆயில், அவ்வளவுதான். இவை ஜெர்மனிக்காரர்கள் வைத்தபடியே இருந்தால் எஞ்சின் கோடை வெயிலையும் தாங்கும். எடுத்துப் போட்டவற்றால்தான் பெரும்பாலும் தொல்லை.

கேள்வி: அண்ணா, என்னுடையது 1971 மாடல், 1600 எஞ்சின். ஊருக்குள் ஒன்றும் இல்லை. ஹைவேயில் அரை மணி நேரம் போனால் ஆயில் சூடு 120 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. தனி ஆயில் கூலர் ஒன்று மாட்டிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் காற்று போகிற வழியைப் பாருங்கள். ஃபேன் மேலே எஞ்சின் அறையிலிருந்து காற்றை இழுத்து, சிலிண்டர்களின் மேல் அடித்து, கீழே தள்ளுகிறது. மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று. இரண்டையும் பிரிக்கிற சுவர்தான் அந்தத் தகடுகளும், அவற்றின் விளிம்பைச் சுற்றி வரும் ரப்பர் சீலும். சீல் காய்ந்து வெடித்திருந்தால், தள்ளிய சூட்டையே ஃபேன் மறுபடி இழுத்துக் கொடுக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. இருட்டிய பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, பின் மூடியைத் திறந்து வையுங்கள். ஒருவர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டே நகரட்டும், நீங்கள் மேலிருந்து பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ, அங்கெல்லாம் சூடு ஏறி வருகிறது. ஸ்பார்க் பிளக் வயர்கள் தகட்டுக்குள் நுழைகிற இடத்தில் வட்ட ரப்பர் இருக்க வேண்டும். நான்கில் குறைந்தது இரண்டு பிய்ந்திருக்கும். ஹீட்டர் குழாய்களைக் கழற்றியிருந்தால், ஃபேன் உறையில் அவை மாட்டும் இரண்டு வாய்களையும் அடைத்தாக வேண்டும். இல்லையென்றால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அங்கேயே வீணாகிவிடும். இத்தனையும் சரி செய்த பிறகும் 120-ஐத் தாண்டினால் கூலரைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: பின் மூடியைக் கொஞ்சம் தூக்கி, கட்டை கொடுத்து ஓட்டினால் காற்று நன்றாக வரும் என்கிறார்களே, சார்?

பதில்: செய்யாதீர்கள். ஓடுகிற வேனுக்குப் பின்னால் காற்று சுழன்றுகொண்டிருக்கும். அதில் சைலன்சர் புகையும் அடியிலிருந்து வரும் சூடும் கலந்திருக்கும். அதைத்தான் உள்ளே விடுவீர்கள். எஞ்சினுக்குக் காற்று வரும் வாய்கள் பின் பக்கவாட்டில் உயரத்தில் இருக்கின்றன. அவற்றை மறைக்காமல் இருந்தாலே போதும்.

கேள்வி: வண்டி வாங்கியபோதே தெர்மோஸ்டாட் இல்லை. வெயில் ஊருக்கு அது தேவையில்லை என்று மெக்கானிக் சொல்கிறார். உண்மையா?

பதில்: எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தெர்மோஸ்டாட் என்பது சூட்டில் விரியும் ஒரு சிறிய மடிப்புக் குழல், அதாவது பெல்லோஸ். அது 1, 2-ஆம் சிலிண்டர்களுக்கு அடியில் இருந்துகொண்டு, 65 முதல் 70 டிகிரிக்குள் விரிந்து, ஃபேன் உறைக்குள் இருக்கும் மடல்களைத் திறக்கிறது. கெட்டுப்போனாலும் பெரும்பாலும் விரிந்த நிலையிலேயே நின்று மடல்களைத் திறந்து வைத்துவிடும். அதனால் அதைக் கண்டு பயப்படக் காரணமில்லை. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நேரமாகும், தேய்மானம் கூடும். மடல்களையும் சேர்த்துக் கழற்றியிருந்தால் காற்று நான்கு சிலிண்டருக்கும் சரியாகப் பிரிந்து போகாது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மடல்கள் மூடிய நிலையில் துருப்பிடித்து இறுகியிருக்கக் கூடாது.

கேள்வி: கலிபோர்னியாவில் ஐ-5 சாலையில் கிரேப்வைன் ஏற்றம். நான்காவது கியரில் மெதுவாக ஏறினால் எஞ்சினுக்கு நல்லதுதானே?

பதில்: நேர்மாறு. நான்காவது கியரில் திணறிக்கொண்டு ஏறும்போது சுமை உச்சத்தில் இருக்கும், எஞ்சின் மெதுவாகச் சுற்றும், அதனால் ஃபேனும் மெதுவாகச் சுற்றும். இதைவிடக் கெட்ட சேர்க்கை கிடையாது. இழுவை குறையும் முன்பே மூன்றுக்கு வாருங்கள். சத்தம் கூடும், அது பரவாயில்லை. மிதியை முழுசாக அழுத்த வேண்டாம். லாரிகளோடு வலது ஓரமாகப் போங்கள்.

கேள்வி: எப்போதும் மூன்றாவது சிலிண்டர்தான் போகிறது என்கிறார்களே, ஏன்?

பதில்: பழைய எஞ்சின்களில் ஆயில் கூலர் ஃபேன் உறைக்குள்ளேயே, அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நின்றது. கூலரைத் தொட்டுச் சூடான காற்றுதான் அதற்குக் கிடைத்தது. 1971 மாடலில் கூலரை அந்த வழியிலிருந்து நகர்த்தி, அதற்குத் தனிக் காற்று வழி கொடுத்தார்கள். உறை மாற்றுவதாக இருந்தால் அந்த வகையையே தேடுங்கள்.

மூன்றாவதில் எக்ஸாஸ்ட் வால்வின் தலை முறிந்து விழுந்தால் பிஸ்டன், ஹெட் எல்லாம் போச்சு. அதைத் தடுக்க டேப்பெட்டை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, இரவெல்லாம் நின்று நன்றாக ஆறிய எஞ்சினில், 0.15 மில்லிமீட்டர் இடைவெளி. வால்வு தன் சூட்டை இறக்குவது மூடியிருக்கும் நேரத்தில், அது அமரும் வளையமான சீட் வழியாகத்தான். இடைவெளி இல்லாமல் போனால் முழுசாக மூடாது, எரிந்துவிடும். ஒரே வால்வில் மட்டும் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் வால்வு நீள்கிறது அல்லது சீட் தேய்கிறது. ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் தூரப் பயணம் போகாதீர்கள்.

கேள்வி: புதுக் கார்புரேட்டர் போட்ட பிறகு வண்டி நன்றாகத்தான் போகிறது, ஆனால் சூடு கூடிவிட்டது.

பதில்: பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருக்கலாம், பெட்ரோல் வரும் துளையான ஜெட் சிறியதாக இருக்கும், அல்லது மேனிஃபோல்டு ரப்பரில் கசிவு. அடுத்து டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, 3,500 ஆர்பிஎம்மில் டைமிங் லைட் வைத்துப் பாருங்கள். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 28 முதல் 30 டிகிரி முன்பாக நிற்க வேண்டும். எஞ்சின் பின்னால் இருப்பதால் தட்டுகிற சத்தம் உங்கள் காதுக்கு வராது, அதனால் காதை நம்பி டைமிங் வைக்க வேண்டாம்.

கேள்வி: ஃபேன் பெல்ட் எவ்வளவு இறுக்கம்?

பதில்: கட்டைவிரலால் அழுத்தினால் 15 மில்லிமீட்டர் உள்ளே போகலாம். இறுக்க, டைனமோ புல்லியின் இரண்டு பாதிகளுக்கு நடுவிலிருந்து ஒரு ஷிம்மை (மெல்லிய வளையத் தகடு) எடுத்து வெளிப்பக்கம் போடுங்கள். பெல்ட் அறுந்தால் டைனமோவின் சிவப்பு விளக்கு எரியும். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், ஃபேனும் நின்றுவிட்டது. 1972-லிருந்து வந்த 1700 எஞ்சினில் ஃபேன் நேராக கிராங்கிலேயே இருக்கிறது, அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கிராங்கில் மாட்ட 'பவர் புல்லி' என்று விற்கும் சிறிய புல்லியை வாங்காதீர்கள். அது ஃபேனின் வேகத்தைக் குறைத்துவிடும்.

கேள்வி: ஐயா, ரிப்பேருக்காக எஞ்சினை இறக்கப் போகிறேன். இறக்கியதும் என்ன பார்க்கலாம்?

பதில்: ஃபேன் உறையைத் தூக்குங்கள். கசிந்த ஆயிலும் தூசியும் சேர்ந்து சிலிண்டர் ஃபின்களுக்கு (சூட்டை வெளியேற்றும் மெல்லிய விளிம்புகள்) நடுவே கெட்டியாகப் படிந்திருக்கும். நீண்ட நாள் நின்ற வண்டியில் எலிக்கூடுகூட இருக்கும். மரக்குச்சியால் சுரண்டி, கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள். ஹெட்டின் ஃபின்களுக்கிடையே வார்ப்பில் மிஞ்சிய உலோகம் அடைத்திருந்தால் மெல்லிய அரத்தால் திறந்துவிடுங்கள். சிலிண்டர்களுக்கு அடியில், காற்றைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோகும் தகடுகள் இருக்கின்றனவா பாருங்கள். வெளியிலிருந்து தெரியாததால் பலர் அவற்றைத் திரும்பப் பூட்டுவதே இல்லை. கடைசியாக, எல்லாப் பக்கமும் புது ரப்பர் சீல். எஞ்சின் உள்ளே போன பிறகு அதை மாற்றுவது பெரிய அவஸ்தை.