பொடி இருக்கட்டும், முதலில் வாயைத் திறந்து பாருங்கள்

கேள்வி: என் குதிரைக்கு 24 வயது, எடை சுமார் 400 கிலோ. சில மாதங்களாக உலர்புல்லை மென்று உருண்டை உருண்டையாகக் கீழே போட்டுவிடுகிறது. லத்தி ஒருநாள் இறுகியும் மறுநாள் தண்ணீராகவும் போகிறது. இந்த மாதம் இரண்டு முறை வயிற்று வலி வந்து, மருத்துவர் ஊசி போட்டார். உடம்பு இளைப்பதால் தினம் 3 கிலோ ஓட்ஸை இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுகிறேன். வாரம் ஒருநாள் தவிட்டுக் கஞ்சியும் உண்டு. செரிமானப் பொடிகளில் எது நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். பொடி விற்பவர் உங்கள் குதிரையின் வாயைத் திறந்து பார்த்தாரா? வயிறு கெட்டதற்கான காரணம் பெரும்பாலும் வாயில்தான் இருக்கிறது. கடைவாய்ப் பல் ஆண்டுதோறும் தேயத் தேய மேலெழும்பும். இருபது வயதைத் தாண்டினால் எழும்ப மிச்சம் அதிகம் இருக்காது. மெல்ல முடியாததால்தான் உருண்டையாகத் துப்புகிறது. கையளவு லத்தியைச் சல்லடையில் போட்டுத் தண்ணீர்விட்டு அலசிப் பாருங்கள். நீள நீளமான நாரும் முழு ஓட்ஸும் தங்கினால் சந்தேகமே வேண்டாம். பல் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரை இந்த வாரமே வரச் சொல்லுங்கள். ஆடும் பல், கூரான முனை, பல்லிடுக்கில் அடைந்த தீவனம் எல்லாம் அவர் பார்க்க வேண்டியவை.

ஓட்ஸைக் குறையுங்கள். அதில் ஏறக்குறைய 40 சதவீதம் மாவுச்சத்து. வேளைக்கு ஒன்றரைக் கிலோ என்றால் 600 கிராம். உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்தால், உங்கள் குதிரைக்கு ஒரு வேளைக்கு 400 கிராம்தான் கணக்கு. மிஞ்சியது செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து அமிலமாகும். லத்தி இளகும், குளம்பு அழற்சிகூட வரலாம். தவிட்டுக் கஞ்சியை நிறுத்திவிடுங்கள். அதில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. வாரம் ஒருநாள் மட்டும் புதுத் தீவனத்தைக் கொட்டினால் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் என்ன செய்யும்?

இனி நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: பல் இல்லாத குதிரைக்கு நாரை எப்படி உள்ளே அனுப்புவது? ஊற வைத்துத்தான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உலர்புல் பெல்லட்டை (பொடித்த புல்லை அழுத்திச் செய்த சிறு கட்டிகள்) இரண்டு மூன்று மடங்கு தண்ணீரில் போட்டு, கையில் எடுத்து நசுக்கினால் கட்டியே அகப்படாமல் கூழாகும்வரை விடுங்கள். வெந்நீர் என்றால் சீக்கிரம் ஊறும். நடுவில் கட்டி இருந்தால் இன்னும் ஊறட்டும். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பீட் கிழங்குச் சக்கையும் நல்லது, அதற்கும் சில மணி நேரம் வேண்டும். 'ஊற வைக்க வேண்டாம், அப்படியே போடலாம்' என்று விற்பவர்களுக்கு, உணவுக்குழாயில் தீவனம் அடைத்து நிற்கும் கிழக் குதிரையைக் காட்ட வேண்டும். ஊறிய தீவனத்தோடு தண்ணீரும் வயிற்றுக்குள் போகிறது. லத்தி இறுகும் தொல்லைக்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது. வெயில் காலத்தில் ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக ஊற வையுங்கள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

அளவு? உலர்ந்த நிலையில் எடைபோட்டு நாளுக்கு 6 முதல் 8 கிலோ. இரைப்பை சிறியது, எனவே நான்கைந்து வேளையாகப் பிரியுங்கள். மாற்றத்தை 10 முதல் 14 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். இளைப்புக்கு எண்ணெயை மெல்ல ஏற்றலாம், ஆனால் லத்தி நிலைப்பட்ட பிறகு. இந்த வயதில், முதிய குதிரைகளுக்கு வரும் ஹார்மோன் கோளாறான குஷிங் நோய்க்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். 'முதிய குதிரைத் தீவனம்' என்று மூட்டையில் எழுதியிருந்தாலும் இனிப்புக் கலந்ததென்றால் வாங்காதீர்கள். குடற்புழு மருந்தை நீங்களாகக் கொடுக்காமல் லத்தியில் முட்டை எண்ணிப் பார்த்துக் கொடுங்கள்.

எப்போதாவது மூக்கில் தீவனமும் எச்சிலும் வழிந்து, கழுத்தை நீட்டி இருமினால் தீவனம், தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வாய்வழியாக எதையும் ஊற்றாதீர்கள்.